நிலத்துக்கும் வாக்கு உள்ள மாவட்டம்

நோர்வேயின் தேர்தல் சட்டத்தில் ஒரு விநோதக் கணக்கு உண்டு. நாடாளுமன்றத்தில் எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று பங்கிடும்போது, குடியிருப்பவர் ஒருவருக்கு ஒரு புள்ளி, நிலம் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1.8 புள்ளி என்று கூட்டுகிறார்கள். நாட்டின் வடகிழக்கு மூலையில் கிடக்கும் ஃபின்மார்க்குக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மக்கள் சுமார் 75,000 பேர். பரப்பு சுமார் 48,600 சதுர கிலோமீட்டர், 1.8ஆல் பெருக்கினால் 87,000க்கு மேல் வருகிறது. மனிதரைவிடப் பாறைக்கும் சதுப்புக்கும் அங்கே வாக்குபலம் அதிகம்.

இதில் ஓர் உண்மையை நோர்வே அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஃபின்மார்க்கை ஆள்வதில் உள்ள சிக்கல் ஆள் தொகை அல்ல, தொலைவு. வேடிக்கை என்னவென்றால், தேர்தல் சட்டத்துக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, மாவட்ட எல்லைகளை வரைந்தவர்களுக்குப் பலமுறை மறந்துபோயிருக்கிறது. நானூறு ஆண்டுகளாக இந்த நிலத்தின் கோடுகள் தெற்கே, வெகு தொலைவில் உட்கார்ந்திருந்தவர்களால் போடப்பட்டவை.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். நோர்வேயின் மாவட்டங்களில் பரப்பில் முதல் இடம், மக்கள்தொகையில் கடைசி இடம். டென்மார்க் நாட்டைவிடப் பெரியது. மேற்கே ட்ரொம்ஸ் மாவட்டம், தெற்கே பின்லாந்து, கிழக்கே ரஷ்யா, வடக்கே பேரன்ட்ஸ் கடல். வரைபடத்தில் நோர்வே ஒரு நீண்ட வால் போலத் தெரிகிறதல்லவா, அந்த வால் உச்சியில் வலப்பக்கம் மடிந்து ரஷ்யாவின் தலைமேல் கவிகிறது. அந்த மடிப்புதான் ஃபின்மார்க். எவ்வளவு தூரம் மடிகிறது என்றால், கிழக்கோரத் தீவு நகரமான வார்டோ, இஸ்தான்புல்லுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் கிழக்கே இருக்கிறது. ஆனாலும் கடிகாரம் ஒஸ்லோவின் கடிகாரம்தான். பாஸ்விக் பள்ளத்தாக்கின் தென்கோடியில் நோர்வே, பின்லாந்து, ரஷ்யா மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு கற்குவியல் நிற்கிறது. குளிர்காலத்தில் அங்கே மூன்று நேரங்கள். கற்குவியலைச் சுற்றி வருவது குற்றம்; சுற்றினால் ரஷ்ய எல்லைக்குள் கால் வைத்ததாகிவிடும்.

கடற்கரையை ஆல்டா, பொர்சாங்கர், லாக்சே, தானா, வராங்கர் என்ற பெரிய கடற்கழிகள் ஆழமாக வெட்டியிருக்கின்றன. பொர்சாங்கர் மட்டுமே 120 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது. எதிர்க்கரையில் தெரியும் ஊருக்குப் போக, கழியைச் சுற்றி அரை நாள் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் வந்து சேர்வதால் கடற்கரைத் துறைமுகங்கள் இந்த அட்சரேகையிலும் உறைவதில்லை; கொட் மீன் வருகிறது, அதன் பின்னால் மனிதர் வந்தார்கள். உள்நாடு முற்றிலும் வேறு. ஃபின்மார்க்ஸ்வித்தா என்ற பீடபூமி, குட்டையான பிர்ச் மரங்கள், ஏரிகள், பாசி, பனிமான். காரஷோக்கில் 1886 ஜனவரி 1ஆம் நாள் பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் இன்றுவரை நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை. பக்கத்தில் இருக்கும் கௌதுகெய்னோ, பரப்பில் நாட்டின் மிகப் பெரிய கொம்யூன். கொம்யூன் என்றால் நம் நகராட்சி, பிரதேச சபை போன்ற உள்ளாட்சி அலகு. 9,700 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 3,000 பேருக்கும் குறைவாகவே வாழ்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் வடமுனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 307 மீட்டர் உயரப் பாறை. 1553இல் வடகிழக்குக் கடல்வழி தேடிப்போன ஆங்கிலேயக் கப்பல்கள் வைத்த பெயர். அது ஐரோப்பாவின் வடகோடி என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே க்னிவ்ஷெல்லொடன் என்ற தாழ்வான நிலநாக்கு அதைவிட வடக்கே நீண்டிருக்கிறது. அழகாக இல்லாததால் பேர் கிடைக்கவில்லை.

இனிப் பெயர். ‘ஃபின்’ என்றதும் பின்லாந்துக்காரர் நினைவுக்கு வருவார்கள், அது பிழை. பழைய நோர்ஸ் மொழியில் அந்தச் சொல் சாமி இனத்தவரைக் குறித்தது. ‘மார்க்’ என்றால் எல்லைப்புற நிலம். சாமிகளின் எல்லைப்புறம், அவ்வளவே. (சாமி என்று எழுதும்போதெல்லாம் நமக்குக் கோயில் நினைவு வருவதைத் தவிர்க்க முடியாது. அது அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர்.) பெயர் வைத்தவர்கள் தெற்கத்தியர் என்பது பெயரிலேயே தெரிகிறது. தாம் வாழும் இடத்தை யாரும் எல்லைப்புறம் என்று சொல்லிக்கொள்வதில்லை. இன்று மாவட்டத்துக்கு அதிகாரபூர்வமாக மூன்று பெயர்கள்: நோர்வேஜிய மொழியில் ஃபின்மார்க், வடசாமியில் ஃபின்மார்க்கு, க்வேன் மொழியிலும் கிட்டத்தட்ட அதே ஒலி. க்வேன்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பின்லாந்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள்.

அரசுகள் இங்கே நிலத்தைக் கேட்டு வரவில்லை, வரியைக் கேட்டு வந்தன. தோலும் மீனும் தர சாமிகள் இருந்தார்கள், எல்லைக்கோடு இல்லை. ஆகவே டென்மார்க்–நோர்வே, ஸ்வீடன், ரஷ்யா என மூன்று முடியரசுகளின் வரி வசூலிப்போரும் வந்தார்கள். சில குடும்பங்கள் மூன்று அரசர்களுக்கும் கொடுத்தன. 1599இல் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்டியான் தாமே கப்பலேறி வடமுனையைச் சுற்றி வந்து தம் உரிமையைக் காட்டிவிட்டுப் போனார். ஸ்வீடனின் ஒன்பதாம் கார்ல் தம் பட்டப்பெயர்களில் வடபுலச் சாமிகளின் அரசர் என்பதையும் சேர்த்துக்கொண்டார். 1611இல் கல்மார் போர் மூண்டதற்கு இது ஒரு காரணம். 1613இல் சமாதானம் ஆனபோது ஃபின்மார்க் கடற்கரையின்மேல் ஸ்வீடன் உரிமையை விட்டுக்கொடுத்தது.

அரசின் கை அன்று வார்டோ தீவின் கோட்டையில் இருந்தது. கி.பி. 1300ஐ ஒட்டி அங்கே முதல் கோட்டை எழுந்தது. இன்று நிற்கும் நட்சத்திர வடிவக் கோட்டை 1738இல் முடிந்தது. மாவட்டத்துக்கே வார்டோஹூஸ் என்றுதான் நெடுங்காலம் பெயர். 17ஆம் நூற்றாண்டில் முப்பது ஆண்டுக்கு மேல் அங்கே ஆளுநராக இருந்தவர் ஜான் கன்னிங்ஹாம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் காலத்திலும் பின்னும் அந்தச் சிறு குடியிருப்புகளில் சூனியக்காரர் வழக்குகள் நடந்தன. 1600க்கும் 1692க்கும் இடையில் 91 பேர் கொல்லப்பட்டார்கள். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த நிலத்துக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை. 2011இல் வார்டோ கடலோரம் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 91 சிறு சாளரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. நிர்வாக வரலாற்றுக் கட்டுரையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். நீதிபதி, ஆளுநர், வரி வசூலிப்போர் எல்லாரும் ஒரே கோட்டையில் உட்கார்ந்து, மேல்முறையீட்டுக்குப் பல நாள் கப்பல் பயணம் செய்ய வேண்டிய இடத்தில் நிர்வாகம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1751இல் டென்மார்க்–நோர்வேயும் ஸ்வீடனும் எல்லை உடன்படிக்கை செய்தன. அதுவரை ஸ்வீடனின் நிர்வாகத்தில் இருந்த கௌதுகெய்னோவும் காரஷோக்கும் நோர்வேயின் பக்கம் வந்தன. அந்த உடன்படிக்கைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு; சாமி மக்கள் அதைத் தங்கள் உரிமைச் சாசனமாகவே பார்க்கிறார்கள். பனிமான் மந்தையோடு பருவத்துக்கு ஏற்ப எல்லையைக் கடக்கலாம், போர் வந்தாலும் கடக்கலாம் என்று அது சொல்லியது. எல்லை போட்டவர்களே அந்த எல்லையில் கதவும் வைத்த அபூர்வம் அது. நூறாண்டு கழித்து, பின்லாந்து ரஷ்யாவின் கைக்குப் போயிருந்த நிலையில், 1852இல் நோர்வே–பின்லாந்து எல்லை மந்தைகளுக்கு மூடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் கௌதுகெய்னோவில் சாமிகளின் கலகம் வெடித்தது. மத எழுச்சி, சாராய வியாபாரம், வணிகரின் சுரண்டல் என்று அதற்குப் பல வேர்கள். எல்லை மூடல் காலத்தால் ஒட்டி வந்த நெருக்கடி. கலகத்தில் வணிகரும் காவல் அதிகாரியும் கொல்லப்பட்டனர். 1854இல் இருவருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

கிழக்கு எல்லை இன்னும் சுவையானது. நைடன், பாஸ்விக் பகுதிகள் 1826 வரை நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் பொது நிலம். அந்த ஆண்டு பிரித்தார்கள். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் எல்லையில் பெரும்பகுதி பாஸ்விக் ஆற்றோடு போகிறது. ஓரிடத்தில் மட்டும் கோடு ஆற்றை விட்டு மேற்குக் கரைக்கு ஏறி, ஒரு சிறு துண்டை ரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஆற்றில் இறங்குகிறது. அங்கே போரிஸ் கிளெப் என்ற பழைய ரஷ்ய மரபுத் தேவாலயம் இருந்தது. தேவாலயத்தை ரஷ்யாவிடமிருந்து பிரிக்க மனம் வரவில்லை. அதே தேவாலயத்தில் கும்பிட்ட ஸ்கோல்ட் சாமிகளைப் பிரிக்க மட்டும் மனம் வந்தது. அவர்கள் ஊர்கள் கோட்டின் இரு பக்கமும் போயின.

வடக்கே அதே எல்லை கடலைத் தொடும் யாக்கோப்செல்வ் ஆற்று முகத்தில் இன்னொரு தேவாலயம். ரஷ்ய மீனவர்கள் எல்லை தாண்டி வருகிறார்கள், ஒரு போர்ப் படகு அனுப்புங்கள் என்று நோர்வே மீனவர்கள் கேட்டார்கள். படகு செலவு, அது நிரந்தரமும் அல்ல. தேவாலயம் கட்டினால் அது அங்கேயே நிற்கும், யாரும் சுடவும் மாட்டார்கள் என்று யோசனை வந்தது. 1869இல் கல்லில் கட்டினார்கள். பின்னாளில் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் பெயர் சூட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. எல்லைக்காவலுக்குக் கட்டிய தேவாலயம் உலகில் வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை. நிர்வாகச் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1920இல் அந்த எல்லைக்கு அப்பால் இருந்த பெட்சமோ பகுதி பின்லாந்துக்குப் போனதால் கால் நூற்றாண்டு காலம் நோர்வேக்கு ரஷ்யாவோடு எல்லையே இல்லாமல் போனது. 1944இல் சோவியத் அதை மீட்டபோது ரஷ்யா மறுபடி பக்கத்து வீடானது.

உள்நிர்வாகத்துக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் ஃபின்மார்க்கின் வணிகம் ஏகபோகம். பெர்கன், கோபன்ஹேகன் வணிகர் சொன்ன விலைக்கு மீனைக் கொடுத்து, அவர்கள் தந்த விலைக்கு மாவு வாங்க வேண்டும். 1789இல் ஏகபோகம் ஒழிந்தது. ஹம்மர்ஃபெஸ்ட்டும் வார்டோவும் அந்த ஆண்டே நகரங்களாக அறிவிக்கப்பட்டன. வெள்ளைக் கடற்பக்கத்து ரஷ்ய வணிகர்களான பொமோர்கள் கோடையில் மாவும் மரமும் ஏற்றிவந்து மீனோடு திரும்பினார்கள். ரஷ்ய மொழியும் நோர்வேஜியமும் கலந்த ஒரு துண்டுமொழியே இந்த வியாபாரத்தில் பிறந்தது. 1917 புரட்சியோடு வியாபாரமும் போயிற்று, மொழியும் போயிற்று.

ஏகபோகம் ஒழிவதற்கு இரண்டு ஆண்டு முன், 1787இல், மேற்கே இருந்த ட்ரொம்ஸ் பகுதியை ஃபின்மார்க்கோடு சேர்த்து ஒரே ‘அம்ட்’ ஆக்கினார்கள். டேனியர் காலத்தில் மாவட்டத்துக்கு அதுதான் பெயர். 79 ஆண்டு ஓடியது. மேற்கில் இருக்கும் ட்ரொம்சோ நகரம் வளர்ந்தது, கிழக்கு தூரத்திலேயே கிடந்தது; 1866இல் மறுபடி இரண்டாக்கினார்கள். 1919இல் ‘அம்ட்’ என்ற சொல் போய் ‘ஃபில்க்கெ’ என்ற பழைய நோர்வேஜியச் சொல் வந்தது. எல்லை மாறவில்லை. இந்த 1787, 1866 இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1850ஐ ஒட்டித் தொடங்கிய நோர்வேஜியமயமாக்கல் கொள்கையின் கூர்மையான முனை ஃபின்மார்க்கில்தான் இறங்கியது. எல்லைப்புறத்தில் வேற்றுமொழிக்காரர் இருந்தால் நாடு பலவீனப்படும் என்ற அச்சம். பள்ளியில் சாமியும் க்வேனும் விலக்கப்பட்டன. பிள்ளைகள் விடுதிகளில் வளர்ந்தார்கள். 1902ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டம் இன்னும் ஒரு படி போனது: நோர்வேஜிய மொழி பேசவும் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவருக்கே ஃபின்மார்க்கில் அரசு நிலம் விற்கப்படும். பாட்டனார் காலத்திலிருந்து மேய்த்த இடத்துக்குப் பட்டா வாங்க மொழித் தேர்வு!

பிறகு 1944. சோவியத் படை அக்டோபர் 25இல் கிழக்கெல்லை ஊரான ஷிர்க்கெனெஸை ஜெர்மானியரிடமிருந்து மீட்டது. பின்வாங்கிய ஜெர்மன் படை, எதிரிக்கு ஒரு கூரையும் மிஞ்சக்கூடாது என்று ஃபின்மார்க்கையும் வட ட்ரொம்ஸையும் எரித்துக்கொண்டே போனது. ஏறக்குறைய 50,000 பேர் கட்டாயமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய 25,000 பேர் போக மறுத்துக் குகைகளிலும் மலைக்குடில்களிலும் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். ஷிர்க்கெனெஸுக்கு அருகே பியோர்னெவாட்னில் இரும்புச் சுரங்கத்தின் குகைப்பாதையில் ஆயிரக்கணக்கானோர் ஒளிந்திருந்தார்கள். அங்கே குழந்தைகளும் பிறந்தன. ஹம்மர்ஃபெஸ்ட்டில் போருக்கு முந்திய கட்டடமாக மயானத்துச் சிற்றாலயம் மட்டுமே மிஞ்சியது. போர் முடிந்ததும், திட்டமிட்டுக் கட்டி முடிக்கும்வரை திரும்ப வேண்டாம் என்று அரசு தடை போட்டது. மக்கள் கேட்கவில்லை, கிடைத்த படகில் ஏறி வந்து, கவிழ்த்த படகின் அடியில் குடியிருந்து வீடு கட்டினார்கள். இன்று ஃபின்மார்க்கின் ஊர்கள் ஒரே அச்சில் வார்த்தது போல, எளிய மரவீடுகளோடு இருப்பதற்குக் காரணம் அந்தத் தீதான். தெற்கத்தியர் அவற்றை அழகில்லாத ஊர்கள் என்பதுண்டு. காரணம் தெரிந்தால் சொல்லமாட்டார்கள்.

நிலம் யாருடையது என்ற கேள்வி 1970களின் இறுதியில் ஆல்டா ஆற்றில் வெடித்தது. நீர்மின் அணை கட்டும் திட்டத்தின் முதல் வடிவில் மாசே என்ற சாமி ஊரே மூழ்க இருந்தது. அந்த ஊர் தப்பியது, அணை 1987இல் வந்தது. ஆனால் 1979இல் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்த சாமி இளைஞர்கள் நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அதன் நேரான விளைவாக 1989 அக்டோபரில் காரஷோக்கில் சாமி நாடாளுமன்றம் திறந்தது. 2005இல் ஃபின்மார்க் சட்டம் வந்தது. மாவட்ட நிலத்தில் சுமார் 95 சதவீதம் அரசின் கையிலிருந்து ஃபின்மார்க் நில அமைப்புக்கு மாறியது. அதன் ஆறு உறுப்பினர் நிர்வாகக் குழுவில் மூவரைச் சாமி நாடாளுமன்றமும் மூவரை மாவட்ட மன்றமும் நியமிக்கும். காரஷோக் மக்கள் தங்கள் பகுதி நிலம் தங்களுக்கே சொந்தம் என்று வழக்காடினார்கள். 2024 மே இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தக் கட்டுரையில் நான் கண்ட ஒரே நல்ல நிர்வாக ஏற்பாடு இந்த மூன்றும் மூன்றும்தான். அதில் மாவட்ட மன்றம் ஒரு பங்காளி என்பதைக் கவனியுங்கள். மாவட்டமே இல்லாமல் போனால்?

2017இல் நாடாளுமன்றம் அதைத்தான் முடிவு செய்தது. பிரதமர் எர்னா சூல்பெர்க்கின் அரசு நாட்டின் 19 மாவட்டங்களைக் குறைக்க விரும்பியது. பெரிய அலகு, வலுவான அலகு என்பது வாதம். 75,000 பேருக்கு ஒரு மாவட்டம் எதற்கு, ட்ரொம்ஸோடு சேரட்டும் என்றார்கள். 2018 மே மாதம் ஃபின்மார்க் கருத்துக்கணிப்பு வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர் 58 சதவீதம். அவர்களில் 87 சதவீதம் வேண்டாம் என்றார்கள். இணைப்பு வேலைக்கான கூட்டுக் குழுவுக்கு ஆள் அனுப்பவே மாவட்ட மன்றம் நெடுநாள் மறுத்தது. ஒஸ்லோ அசையவில்லை. 2020 ஜனவரி 1இல் இரண்டும் ஒன்றாயின. மொத்தம் சுமார் 75,000 சதுர கிலோமீட்டர்.

திறமை, சிக்கனம் என்ற வாதத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை. சிறு மாவட்டத்தால் பெரிய மருத்துவமும் சாலையும் தாங்க முடியாது என்பது பொய்யில்லை. ஆனால் ஃபின்மார்க்கின் தலைநகரான வாட்சோவிலிருந்து ட்ரொம்சோவுக்கு ஒரு கூட்டத்துக்குக் காரில் போகிறவருக்கு விடிந்ததிலிருந்து அந்திவரை ஓட்டினாலும் போதாது, அதுவும் அந்தி என்ற ஒன்று இருக்கும் பருவத்தில். நடுக்குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழுவதே இல்லை. தூரத்தைக் கூட்டிவிட்டு ஆட்களைக் கூட்டியதாக நினைத்துக்கொண்டார்கள். மாவட்டத் தலைமையகம் ட்ரொம்சோ, அரசுப் பிரதிநிதியின் அலுவலகம் வாட்சோ என்று பங்கு போட்டதும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் பழைய 19 தொகுதிகளே நீடித்தன. ஆகவே மாவட்டமாக இல்லாத காலத்திலும் ஃபின்மார்க் தன் பெயரில் வாக்களித்துக்கொண்டிருந்தது.

2021 தேர்தலில் அரசு மாறியது. 2022 ஜூனில் நாடாளுமன்றம் பிரிவினைக்கு ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரி 1இல் ஃபின்மார்க் மறுபடி தனி மாவட்டம்: 18 கொம்யூன்கள், தலைநகர் வாட்சோ. முதல் இணைப்பு 79 ஆண்டு தாங்கியது, இரண்டாவது நான்கு ஆண்டு.

தமிழர்களுக்கு இந்த மாவட்டம் முழுக்க அந்நியம் அல்ல. 1980களின் பிற்பகுதியில் இலங்கைப் போரிலிருந்து தப்பி நோர்வேக்கு வந்தவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்தது வடபுலத்து மீன் தொழிற்கூடங்களில்தான். ஊர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த காலம். கொட் மீனை வெட்டி முள் எடுக்கக் கை வேண்டியிருந்தது. யாழ்ப்பாணக் கடற்கரையில் வளர்ந்தவர்கள் ரப்பர் காலணியும் வெள்ளைக் கவசமுமாகத் துருவ இரவில் வரிசையில் நின்றார்கள். பலர் பின்னாளில் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். ஆள் தெற்கே இழுபடுவது ஃபின்மார்க்கின் பழைய நோய். அதைத் தடுக்க அரசு 1990இல் ஒரு சலுகை வலயம் அமைத்தது: அங்கே வாழ்கிறவருக்கு வருமான வரி குறைவு, வேலை செய்கிறவரின் கல்விக்கடனில் ஆண்டுதோறும் ஒரு பங்கு தள்ளுபடி. குடியிருப்பதற்கே சன்மானம். இதற்கிடையே ரஷ்ய எல்லையும் மறுபடி மூடிக்கொண்டு வருகிறது. 2015இல் அங்குள்ள ஸ்டூர்ஸ்கூக் சாவடியை நடந்து கடக்கக் கூடாது என்ற விதியால் ஆயிரக்கணக்கான அகதிகள் மிதிவண்டியில் ஏறி உள்ளே வந்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளுக்கும் அந்தச் சாவடி அடைத்தாயிற்று.

மாவட்டங்கள் பிரிந்தபின் ஒன்று மட்டும் பிரியவில்லை. வாட்சோவில் இருக்கும் அரசுப் பிரதிநிதியின் அலுவலகம் இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவாகவே நீடிக்கிறது. அதன் பெயரில் ‘ட்ரொம்ஸும் ஃபின்மார்க்கும்’ என்றே இருக்கிறது.